டி.எஸ்.எச். நார்மல், மோகனா நார்மல் இல்லை

தொழிற்சாலை மருத்துவ அறையில் வேலை என்று சொன்னதும் உங்களோடு படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். "ஏ.சி. ரூம், ஒரு பி.பி. மெஷின், தலைவலி மாத்திரை, ஜாலிதான்" என்றிருப்பார்கள். எனக்கும் அதே கேலிதான் கிடைத்தது. அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் முதுகு ஒடிய வேலை பார்த்துவிட்டு, ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனிக்கு நான் வந்தபோது, "ரிட்டையர் ஆவறதுக்கு முன்னாடியே ரிட்டையர்மென்ட்டா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களை இங்கே ஒரு வாரம் உட்கார வைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். அடுப்பு கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் படப்பை தாண்டிப் போன பிறகும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலையில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பயம்தான். தொழிற்சாலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்கள் உங்களில் சிலருக்கு அந்தப் பயம் போதவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பக்கத்துப் பழக்கம் ஒன்றை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேரும் முன்னால் உடல் பரிசோதனைக்குப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு கான்ட்ராக்டர் வருவார். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே, எல்லோரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். "உள்ள டாக்டரம்மா இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லு. சுகர் கீதா, இல்ல. ஃபிட்ஸ் கீதா, இல்ல. ஆபரேஷன் பண்ணிகினியா, இல்ல. எதனா இருக்குதுன்னு சொன்னா அப்டியே வேன்ல ஏறி வூட்டுக்குப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்." என் அறை ஜன்னலுக்கு இது நன்றாகக் கேட்கும். பிறகு வரிசையாக உள்ளே வருவார்கள். இல்ல மேடம், இல்ல மேடம், இல்ல மேடம். கோயிலில் அர்ச்சனை கேட்கிற மாதிரி இருக்கும். ஹெச்.ஆரிடம் சண்டை போட்டேன், கான்ட்ராக்டரைத் திட்டினேன். அவர் மரத்தடியை விட்டுவிட்டு வேனுக்குள்ளேயே பாடத்தை முடித்துவிட்டு வர ஆரம்பித்தார். அவ்வளவுதான் நடந்தது.

மோகனாவும் அப்படித்தான் வந்தாள். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் சேகர், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முன்பு எங்கள் தயாரிப்பு லைனில், போர்டு என்னும் பலகையில் ஒயர்களை வரிசைப்படுத்திக் கட்டியவள்தான். பிரசவத்துக்காக நின்றுவிட்டு, குழந்தை தவழ ஆரம்பித்ததும் அதே கான்ட்ராக்டர் மூலம் புது ஆளாகத் திரும்பச் சேர்ந்தாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். சேர்ந்துவிட்டாள்.

அவள் என் கண்ணில் தனியாகப் பட்டது கத்திரி வெயில் காலத்தில். ஷெட்டுக்குள் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும் மத்தியானம். லைன் சூப்பர்வைசர் ஸ்டீபன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் மெதுவாக நடக்கிற யாரைக் கண்டாலும் அவருக்கு ஆகாது.

"மேடம், இந்தப் பிள்ளைய என்னன்னு கொஞ்சம் பாருங்க. போர்டு முன்னால நின்னுக்கிட்டுச் சும்மா பாத்துக்கிட்டே இருக்கா. ஒரு ஒயர எடுக்க ஒரு யுகமாவுது. கேட்டா குளிருதுங்கா. இந்த வெயில்ல குளிருதாம்!"

உண்மைதான். யூனிஃபார்முக்குள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவளோடு நிற்கும் பெண்கள் அவளை ஊட்டி என்று கூப்பிடுவதாகப் பிறகு தெரிந்தது.

"உடம்புக்கு என்ன மோகனா?"

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் கீறேன்."

அதைச் சொல்வதற்கே அவளுக்கு அத்தனை நேரம் பிடித்தது. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. தோல் சொரசொரவென்று இருந்தது. புருவத்தின் ஓரத்தில் முடி இல்லை. முழங்காலில் தட்டிப் பார்த்தேன். கால் உதறிவிட்டு, போனால் போகிறதென்று மெதுவாகத் திரும்பி வந்தது. வேறு யோசனைக்கே இடமில்லாமல் தைராய்டு என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் நர்ஸ் கலா சிஸ்டர், மோகனா திரும்பச் சேர்ந்த பிறகு எடுத்த வருடாந்திரப் பரிசோதனை அறிக்கையை எடுத்து நீட்டினார். வேனில் வந்து எல்லோருக்கும் மொத்தமாக ரத்தம் எடுத்துப் போவார்களே, அது. தைராய்டுக்கு என்று டி.எஸ்.எச். ஒன்றைத்தான் பார்ப்பார்கள். மோகனாவுக்கு டி.எஸ்.எச். நார்மல். கீழே 'வேலைக்குத் தகுதி' என்ற முத்திரை.

ஸ்டீபன் எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா மேடம். எல்லாம் நார்மல். பூரா நடிப்பு."

"நீங்க லைனைப் பாருங்க ஸ்டீபன். ஆளை நான் பாத்துக்கறேன்" என்று அவரை வெளியே அனுப்பினேன். அவர் லைனுக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

நான் முதுகலை படித்த காலத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். வார்டு ரவுண்ட்ஸில் ரிப்போர்ட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டுதான் எங்களிடம் நோயாளியைப் பற்றிக் கேட்பார். நோயாளியைப் பார்த்து நாம் ஒன்றைச் சொல்லி, கையை எடுத்தால் ரிப்போர்ட் வேறு ஒன்றைச் சொல்லும்போது, இரண்டில் ஒன்றைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசிக்க வேண்டும். அவர் எங்கள் கழுத்தை நெரித்துக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

மோகனாவின் உடம்பும் ரிப்போர்ட்டும் ஒருசேர உண்மையாக இருக்க ஒரு வழி உண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் லைன் பாஷையில் சொல்கிறேன். தைராய்டு ஒரு லைன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதன் சூப்பர்வைசர். டி.எஸ்.எச். என்பது சூப்பர்வைசர் போடும் சத்தம். லைன் மந்தமானால் சத்தம் கூடும், அதனால்தான் தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறிக் காட்டும். சூப்பர்வைசரே மயங்கிக் கிடந்தால்? லைன் படுத்துவிடும், ஆனால் சத்தம் வராது. ரத்தத்தில் சத்தத்தை மட்டும் அளக்கிற பரிசோதனை, 'இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது, நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடும்.

பிட்யூட்டரி எப்போது மயங்கும்? குழந்தை பெற்ற பெண் என்றால் முதல் சந்தேகம் பிரசவம்தான். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பருத்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போனால் அதற்கு ரத்த ஓட்டம் கிடைக்காமல் கருகிவிடும். பால் சுரக்கச் சொல்வதும் மாதவிலக்கை நடத்துவதும் அதுதான் என்பதால், அந்தப் பெண்ணுக்குப் பால் வராது, மாதவிலக்கு திரும்பாது. எனவே கேட்டேன்.

"பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சா?"

"இல்ல மேடம்."

"கொழந்தைக்குப் பால் குடுக்கறியா?"

"குடுக்கறேன் மேடம்."

"மாசா மாசம் சரியா வருதா?"

"வருது மேடம்."

பதில் சொல்லும்போது அவள் கண் என் மேல் இல்லை. கதவுக்குக் கீழே தெரிந்த ஸ்டீபனின் ஷூவின் மேல் இருந்தது. எல்லாம் சரியான பதில். அத்தனையும் சரியாக இருந்ததுதான் எனக்கு இடித்தது. குளிரில் நடுங்குகிற, பேச்சு குழறுகிற ஒரு பெண்ணுக்கு மற்ற எதிலுமே குறையில்லை என்றால் நம்பவா முடியும்?

"தைராய்டு மாதிரிதான் தெரியுது. ஆனா இன்னும் ரெண்டு ரத்தப் பரிசோதனை பாக்காம மாத்திரை தர மாட்டேன். காலையில வெறும் வயித்துல வந்துடு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வரவில்லை.

கலா சிஸ்டர் ஆள் அனுப்பினார். ஷிஃப்ட் மாறியிருக்கிறது என்றார்கள். மறுபடி அனுப்பினார். கார் கம்பெனிக்காரர்கள் ஆய்வுக்கு வரும் கஸ்டமர் ஆடிட் இருக்கிறது, ஆளை விட முடியாது என்று ஸ்டீபனிடமிருந்து பதில் வந்தது. நான் நேரே லைனுக்குப் போனேன். ஸ்டீபன் சிரித்த முகமாக என்னை வரவேற்றதே எனக்கு அதிசயமாக இருந்தது.

"மேடம், நீங்க என்ன மந்திரம் போட்டீங்க? நாலஞ்சு நாளா பிள்ள நல்லா ஓடுதா பாத்துக்கிடுங்க. டார்கெட்டுக்கு மேல போகுது."

மோகனா போர்டு முன்னால் நின்று ஒயர்களை வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டர் இல்லை. நெற்றியில் வேர்வைகூட இருந்தது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் திரும்பியிருப்பார்கள். எனக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை. தானாகச் சரியாகாத ஒன்று தானாகச் சரியாகிறது என்றால், நமக்குத் தெரியாமல் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். "ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?" என்று கேட்டேன். இல்ல மேடம். திங்கட்கிழமை காலையில் ரத்தம் கொடுக்காவிட்டால் லைனில் நிற்க விடமாட்டேன் என்று ஸ்டீபனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை வரை தாங்கவில்லை. சனிக்கிழமை முற்பகல், ஆடிட்டர்கள் கோட்டும் கண்ணாடியுமாக ஷெட்டுக்குள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், மோகனா போர்டின் காலடியில் வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கை சில்லென்று இருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. பி.பி. கருவி ஒருமுறை எண்ணைக் காட்டாமல் திணறி, மறுமுறை காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. கலா சிஸ்டர் கண் மூடித் திறப்பதற்குள் ஊசியை நரம்பில் ஏற்றி குளுக்கோஸ் செலுத்தினார். கண்ணைப் பாதி திறந்தாள். சலைன் முழு வேகத்தில் இறங்கியது. பி.பி. மட்டும் ஏற மாட்டேன் என்றது.

ஹெச்.ஆர். மேனேஜர் முரளி கதவில் வந்து நின்றார். "மேடம், கேன்டீன் சாப்பாடா? ஃபுட் பாய்சன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும், ஆனா சைரன் வேணாம். பின் கேட் வழியா..."

"முரளி, முதல்ல வெளிய போங்க." என் குரல் அப்படி உயரும் என்று எனக்கே தெரியாது. போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு மூளை ஓடவில்லை. வெயில் தாக்கமா? உடம்பு சுடவில்லை. வயிற்றுப்போக்கா? இல்லை. மறுபடி கருவாகி உள்ளே ரத்தக் கசிவா? வயிறு மிருதுவாக இருந்தது. இவள் என் மேஜையில் செத்துப்போவாள், காரணம் எனக்குத் தெரியாமலே போகும் என்று தோன்றியது. சேகருக்கு ஃபோன் போட்டேன். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"சேகர், மோகனா மயங்கிட்டா. பிரசவத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"இன்னா மேடம்... ஒண்ணும் இல்லியே மேடம். நல்லாத்தான் கீறா. காலைலகூட டிபன் துன்னுட்டுத்தான் போனா."

அவரும்! வேனுக்குள் பாடம் கேட்காதவருக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "சேகர், உங்க பொண்டாட்டி செத்துட்டு இருக்கா. வேலை போகாது. நான் பொறுப்பு. உண்மையைச் சொல்லுங்க!"

எந்த அதிகாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். கான்ட்ராக்ட் ஆளை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் என் கையில் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. "மேடம்... ரத்தம் நிக்கவே இல்ல மேடம். செங்கல்பட்டுக்குத் தூக்கினு ஓடினோம். பாட்டில் பாட்டிலா ஏத்தினாங்க. பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டாங்க மேடம். அப்பறம் பால் ஒரு சொட்டு வரல. கண்ணு பட்டுடுச்சுன்னு எங்கம்மா சொல்லிச்சு. புள்ளைக்கு டின்னு பால்தான் மேடம்." அழ ஆரம்பித்துவிட்டார்.

இப்போது பிட்யூட்டரி தெரிந்தது. ஆனால் இத்தனை மாதம் தள்ளாடித் தள்ளாடி நடந்தவள் இன்று ஏன் விழுந்தாள்? யார் தள்ளிவிட்டது? சுற்றிப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரோடு வந்த பெண்களில் ஒருத்தி, மோகனாவுக்குப் பக்கத்து போர்டில் நிற்கும் பிரேமா, சுவரோடு ஒட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன குடுத்தே?"

"எனக்கும் தைராய்டுதான் மேடம். எனக்கும் இப்டித்தான் குளிரும். மேடம் தைராய்டு மாதிரி கீதுன்னு சொன்னாங்கன்னு இவ சொன்னா. அதான் என் பாட்டில்ல இருந்து தெனம் ஒண்ணு குடுத்துக்கினு இருந்தேன். நல்லாத்தான் மேடம் ஆயிகினு இருந்தா... நான் கொன்னுட்டேனா மேடம்?"

என் அறையில் நான் சொன்ன ஒரு வார்த்தை லைன் முழுக்க நடந்து போய் மாத்திரையாகத் திரும்பியிருந்தது. மருத்துவ அறையில் பேசுவதை அளந்து பேசுங்கள். நோயாளி அதை வாங்கிக்கொண்டு நேரே தோழியிடம்தான் போவாள்.

பிட்யூட்டரி என்ற அந்தச் சூப்பர்வைசர் பார்ப்பது ஒரே ஒரு லைனை இல்லை. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினலையும் அதுதான் வேலை வாங்குகிறது. அங்கே சுரக்கும் கார்டிசால்தான் நமக்குக் காய்ச்சல் வந்தாலும் அடிபட்டாலும் பி.பி.யையும் சர்க்கரையையும் விழாமல் பிடித்து நிறுத்துகிறது. மோகனாவின் உடம்பில் இரண்டு லைனும் படுத்திருந்தன. உடம்பே மந்தமாக ஓடியதால் இருந்த கொஞ்சம் கார்டிசாலை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். தைராய்டு மாத்திரை போய் உடம்பை 'ஓடு ஓடு' என்று விரட்டியது. முதல் சில நாள் ஓடினாள், டார்கெட்டைத் தாண்டினாள். ஓடுகிற உடம்பு கார்டிசாலைச் சீக்கிரம் கரைக்கும், மேலும் கேட்கும். கொடுக்க ஆளில்லை. அதனால்தான் பிட்யூட்டரி போனவர்களுக்கு முதலில் கார்டிசால், பிறகுதான் தைராய்டு. வரிசை மாறினால் ஆளே போய்விடுவார். இதே தைராய்டு மாத்திரைதான் பிரேமாவுக்கு உயிர் கொடுக்கிறது.

"சிஸ்டர், முதல்ல ரத்தம் எடுத்து வைங்க. அப்பறம் ஹைட்ரோகார்டிசோன் போடுங்க." கார்டிசாலுக்கு ஈடான அந்த ஊசி, ஆஸ்துமா, அலர்ஜி வந்தால் போட என்று எங்களிடம் எப்போதும் இருக்கும்.

கலா சிஸ்டர் கை நின்றது. "மேடம், டெஸ்ட் ரிசல்ட் இல்லாம ஸ்டீராய்டா? நாளைக்கு நம்மளத்தானே கேப்பாங்க?"

நியாயமான கேள்விதான். என்னிடம் நிரூபணம் என்று எதுவும் இல்லை. ஆட்டோவிலிருந்து ஒரு அழுகை, சுவரோரம் ஒரு விசும்பல், அவ்வளவுதான். நான் நினைத்தது தப்பாக இருந்தால் இந்த ஒரு ஊசியால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நான் நினைத்தது சரியாக இருந்து, ஊசியை மட்டும் போடாமல் விட்டால், வண்டலூர் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவில் ஆம்புலன்ஸிலேயே போய்விடுவாள். "போடுங்க சிஸ்டர். கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்" என்றேன். போட்டார்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். சைரனைப் போடச் சொன்னேன், முன் கேட் வழியாகத்தான் போனோம். ஆடிட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ரோடு முழுக்க கார் ஏற்றிய டிரெய்லர்கள். ஒன்று திரும்புவதற்குள் உயிர் போய்த் திரும்பும். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பின்னால் சேகரின் ஆட்டோ ஹாரன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. கடவுளே கடவுளே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், டிரைவர் பிறகு சொன்னார். வழியில் எங்கேயோ, என் விரலுக்குக் கீழே நாடி கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. என் ஆசைதான் என்று நினைத்தேன். பி.பி. பார்த்தேன். ஏறியிருந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தேன். இன்னும் ஏறியிருந்தது. மோகனா கண்ணைத் திறந்து, "மேடம், போர்டுல பாதி ஒயர் அப்டியே கீது" என்றாள். நான் அழுதுவிட்டேன். வெட்கமே படவில்லை.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, ஊசிக்கு முன் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் இருக்கிற இடமே தெரியவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது. கார்டிசால் மாத்திரை முதலில், சில நாள் கழித்துத் தைராய்டு மாத்திரை. இனி ஆயுள் முழுக்க இரண்டும் வேண்டும். காய்ச்சல் வந்தால் கார்டிசால் மாத்திரை இரண்டு பங்கு, வாந்தி எடுத்தால் ஊசி, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. வார்டில் போய்ப் பார்த்தபோது அவள் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "மேடம், வேலை போவாதுன்னு நீங்க சொன்னதா அவர் சொன்னாரு. நெஜமா மேடம்?"

ஆம்புலன்ஸில் பட்ட பயம்கூட அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஊசி போட்டுத் தூக்கி நிறுத்துவதற்கு அவள் வேலை ஒன்றும் பி.பி. இல்லை. நெஜம்தான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

முரளி நான் நினைத்ததைத்தான் சொன்னார். "மேடம், எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா லைஃப் லாங் ஸ்டீராய்டு. திரும்ப விழுந்தா யார் பதில் சொல்றது? அன்ஃபிட்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, கான்ட்ராக்டர் பாத்துப்பாரு."

"போட மாட்டேன். அவளுக்கு என்னன்னு இப்போ நமக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டா உங்களையும் என்னையும் விட நல்லா இருப்பா. விழுந்தா என்ன ஊசின்னு எல்லா ஷிஃப்ட் நர்ஸுக்கும் தெரியும். உங்க ஷெட்ல என்ன வியாதின்னு நமக்குத் தெரியாதவங்கதான் முரளி ஆபத்து."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? திரும்ப விழ மாட்டான்னு கேரன்டி குடுப்பீங்களா?"

"உங்களுக்கே என்னால கேரன்டி குடுக்க முடியாது. போன மாசம் உங்க பி.பி. என்னன்னு ஞாபகம் இருக்கா?"

விஷயம் மேலே போனது, சென்னை அலுவலகத்துக்குப் போனது, திரும்பி வந்தது. அந்த நாட்களில் ஃபோன் அடித்தாலே முதலில் பெயரைப் பார்ப்பேன். சேகரிடமிருந்தாக இருக்குமோ, என்ன சொல்வது? வேறு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு வந்தது. வாங்கிக்கொள்ளுங்கள், ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்ததும் வீட்டு லோன் ஞாபகம் வந்தது. கடைசியில் நைட் ஷிஃப்ட் கிடையாது, மாத்திரை நேரத்துக்கு லைனை விட்டு வரலாம் என்ற நிபந்தனைகளோடு எடுத்துக்கொண்டார்கள். நல்ல மனசு பாதி, விழுந்த பெண்ணை வெளியே அனுப்பினார்கள் என்று ஆடிட்டர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் பாதி. எனக்கு இரண்டில் எதுவானாலும் சரி.

மோகனா திரும்பி வந்த அன்று காலை, மெயின் கேட்டில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே நடந்ததை மொத்த ஷிஃப்ட்டும் பார்த்தது. வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவளுக்கு வேலை மிஞ்சுகிறதா என்று பார்க்க இவர்கள் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது டீ பிரேக்கில்தான் புரிந்தது.

கலா சிஸ்டர் உள்ளே வந்து, "மேடம், வெளிய வந்து பாருங்க" என்றார். பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள், ஆண்கள், என்னிடம் ஒருமுறை தலைவலி என்றுகூட வராதவர்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒருத்தி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் எல்லோரும் வேலைக்குத் தகுதி என்ற முத்திரையோடு மெஷின் முன்னால் நிற்கிறவர்கள்.

முதலில் உள்ளே வந்தவர் ஸ்டீபன்.

"யாரையாவது கூட்டிட்டு வந்தீங்களா ஸ்டீபன்?" என்றேன்.

"இல்ல மேடம்." கதவைத் தானே சாத்தினார். பர்ஸைத் திறந்து, ரூபாய் நோட்டுகளுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். வலிப்பு மாத்திரை. "எனக்குத்தான். காலேஜ்ல இருந்து போடுதேன். இங்க சேரும்போது கேட்டாங்க, இல்லன்னுட்டேன்."

அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மெதுவாக நடக்கிறவர்களைக் கண்டால் ஆகாத அந்த முகம்.

"உட்காருங்க. கடைசியா எப்போ வந்துச்சு?"

உட்காரவில்லை. "போன வாரம் மேடம். ஒயர் முனைய நசுக்குற கிரிம்பிங் பிரஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னே தெரியல. முழிச்சுப் பாத்தா கை பிரஸ்ஸுக்கு உள்ள இருந்துச்சு. யாரும் பாக்கல."

நான் எழுந்து போய் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.